புள்ளிகளாக வந்த பெயர்

மாபெலே இருபத்தாறு வருஷமாகத் தண்ணீரைத் தண்ணீர் என்று சொன்னதில்லை. "குளிர்ந்தது" என்பாள். மாமனார் பெயரின் முதல் அசை அந்தச் சொல்லில் இருந்தது. மருமகளாக வந்த அன்று நாத்தனார்கள் அவளுக்குத் தலைத்துணியைப் புருவம்வரை இறக்கிக் கட்டினார்கள். கதவுக்குப் பின்னால் பாயில் உட்கார வைத்தார்கள். எந்தப் பெயர் வாயில் வரக் கூடாது, அதன் சாயல் உள்ள எந்தெந்தச் சொற்கள் வரக் கூடாது, அவற்றுக்குப் பதில் எதைச் சொல்வது என்று பாடம் நடந்தது. மூன்று நாளில் பழகிவிட்டாள். பிறகு மாமனார் இறந்தார். பத்து வருஷம் கழித்துக் கணவனும் இறந்தான். பெயர் மட்டும் நாக்குக்கு அடியில் அப்படியே இருந்தது.

மாபெலே என்பது அவள் பிறந்த குலத்தை வைத்து அழைப்பது. மாவட்ட மருத்துவமனையில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். விபத்துப் பிரிவின் பதிவறையில் அவளுக்கு வேலை. இரும்பு அலமாரிகள், பழுப்பு உறைகள், ஜன்னலில் ஒரு கம்பித் திறப்பு. அந்தத் திறப்பு வழியாகத்தான் எல்லாத் துக்கமும் உள்ளே வரும். வெட்டு, தீக்காயம், பாம்புக்கடி, ஞாயிற்றுக்கிழமைக் குடிச்சண்டை. அவள் பெயர் கேட்பாள், ஊர் கேட்பாள், எழுதுவாள். அழுகிறவர்களை அவசரப்படுத்த மாட்டாள். அழுது முடிக்கும்வரை பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருப்பாள்.

கணினிகள் வந்த வருஷம் நகரத்திலிருந்து ஒருவர் பாடம் நடத்த வந்தார். இரண்டு நாள். ஒரு தாள்கட்டைக் கொடுத்தார். நான்கு பக்கம், நாற்பது சொல். மேஜைகளுக்குப் பின்னால் பதினைந்து பேர் பரீட்சைக்கு உட்கார்ந்தவர்கள் மாதிரி உட்கார்ந்தார்கள்.

"சர்வர்னா என்ன? யாராவது சொல்லுங்க, தப்பானாலும் பரவால்ல."

மாபெலே கையைத் தூக்கினாள்.

"ஒரு வளவுல பெரிய வீடுன்னு ஒண்ணு இருக்குமில்லையா. சாமான் எல்லாம் அங்கதான் இருக்கும். சின்ன வீட்டுக்காரங்க வந்து கேட்டு எடுத்துட்டுப் போவாங்க. அது."

நகரத்துக்காரர் கொஞ்சம் யோசித்தார். "சரிதான்," என்றார். "பேக்கப்?"

"மாட்டுப் பட்டிக்கு அடியில குழி தோண்டி மக்காச்சோளம் கொட்டி மூடி வெப்பாங்க. மேல களஞ்சியம் எரிஞ்சு போனாலும் குழி எரியாது."

"ஈரம் இறங்குனா நாறும், மாபெலே," என்றான் அடுத்த மேஜை சிவுயிலே. "எங்க தாத்தா வீட்டுக் குழியத் திறந்தா நாய்கூட ஓடிடும்."

"பேக்கப்பும் நாறும் தம்பி, அப்பப்போ திறந்து பாக்கலைன்னா," என்றார் நகரத்துக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அறை கொஞ்சம் இளகியது.

மூன்றாம் பக்கத்தில் கடவுச்சொல் வந்தது. நகரத்துக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"இதை யாருகிட்டயும் சொல்லக் கூடாது. புருஷன்கிட்ட, பிள்ளைகிட்ட, பாதிரியார்கிட்டகூட. எழுதியும் வெக்கக் கூடாது. ஆனா தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஞாபகம் இருக்கணும். அப்படி ஒரு சொல்."

"அப்படி ஒரு சொல் எங்கய்யா கிடைக்கும்?" என்றாள் ஒரு நர்ஸ்.

மாபெலே சிரிக்கவில்லை. அந்த நாற்பதில் இந்த ஒன்றைத்தான் அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முதலில் பயம் இருந்தது. விரலால் தட்டுவது சொல்வதாகுமா? கடவுச்சொல் கேட்கும் கட்டத்துக்கு முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அக்கம்பக்கம் பார்த்தாள். பிறகு ஓர் எழுத்தைத் தட்டினாள். திரையில் எழுத்து வரவில்லை. ஒரு புள்ளி வந்தது. அடுத்ததற்கும் புள்ளி. முழுப் பெயரும் புள்ளிகளாக நின்றது. அந்தக் கருவிக்கும் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

நான்காம் பக்கத்தை அவள் பார்க்கவில்லை. அவள் ஊர்ப் பக்கம் போகும் கடைசி வேன் மூன்றரைக்குக் கிளம்பும். அதை விட்டால் பத்து மைல் நடை. மூன்று இருபதுக்கு அவளும் வேறு ஆறு பேரும் தாள்களை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, குனிந்தபடி, மன்னிப்புக் கேட்கிற நடையில் வெளியே வந்தார்கள். நகரத்துக்காரர் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. அவரும் எங்கோ போக வேண்டியவர்.

மூன்று வருஷம் ஓடியது. பதிவறையில் கடவுச்சொல் உப்பு மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து வீட்டில் கேட்டால் கொடுக்க வேண்டும். சிவுயிலே தன்னுடையதைக் காகிதத்தில் எழுதித் திரையிலேயே ஒட்டியிருந்தான். அது ஒரு கால்பந்து அணியின் பெயர். அணி தோற்றால் மாற்றுவான். நர்ஸ்கள் நடையிலிருந்தே கத்துவார்கள்:

"சிவுயிலே, இன்னைக்கு எந்த டீம்டா?"

மாபெலேயிடம் யாரும் கேட்பதில்லை. ஒருமுறை கேட்ட பெண்ணை அவள் பார்த்த பார்வையில் அந்தப் பெண் ஒரு மாதம் அந்தப் பக்கம் வரவில்லை.

அவள் தன் திரைக்கு ஒரு துணி பின்னியிருந்தாள். வெள்ளை நூல், நீலக் கரை. எழுந்து போகும்போது திரையின் அடியில் உள்ள பொத்தானை அழுத்துவாள். வெளிச்சம் போய்விடும். துணியை மேலே போட்டு நான்கு முனையையும் இழுத்து விடுவாள். சோறு வெந்த பானையை மூடிவைப்பதுபோல. சாயங்காலமும் அப்படித்தான். காலையில் துணியை எடுத்துப் பொத்தானை அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். திங்கட்கிழமை மட்டும் பெயர் கேட்கும். சனி ஞாயிறு பார்க்காததால் மறந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

அந்த வருஷம் மே மாதத்தில் மலை வளைவில் ஒரு வேன் கவிழ்ந்தது. ஒரு பள்ளி ஆசிரியை இறந்தாள். ஓட்டுநருக்குக் கை முறிவு. டாக்டர் தந்த சீட்டைப் பார்த்து மாபெலேதான் பதிவு செய்தாள். ஐந்தாவது வரி: "வாயில் மது வாடை." இறந்தவளின் தகப்பனார் மறுநாளே வந்து ஒரு நகல் வாங்கிப் போனார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற, ஒல்லியான மனிதர்.

ஒரு மாதம் கழித்துப் போலீஸ் கேட்டபோது அனுப்பிய நகலில் ஐந்தாவது வரி இல்லை. டாக்டரின் சீட்டும் உறையில் இல்லை. தகப்பனாரிடம் இருந்த நகல் போலி என்று வேன் முதலாளியின் வக்கீல் சொன்னார். கணினிப் பதிவேட்டைத் திறந்து பார்த்தார்கள். வரி நீக்கப்பட்டது ஒரு வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டு நாற்பத்தேழு. நீக்கியவர் என்ற இடத்தில் மாபெலேயின் பெயர்.

வியாழன் மதியம் அவள் எங்கே இருப்பாள் என்று மருத்துவமனை முழுக்கத் தெரியும். தாய்மார் ஜெபக்கூட்டத்தின் சிவப்பு மேல்சட்டை, வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு, மற்றத் தாய்மார்களோடு மருத்துவமனைச் சிற்றாலயத்தில் முழங்காலில் இருப்பாள். பன்னிரண்டரை முதல் ஒன்றேகால்வரை. இருபது பேர் சாட்சி.

அப்படியானால் கடவுச்சொல் என்கிற சாவியை யாருக்கோ கொடுத்திருக்கிறாள் என்று முடிவு கட்டினார்கள். விசாரணைக்குத் தேதி குறித்தார்கள். அன்றிலிருந்து அந்தத் தகப்பனார் தினமும் வந்து கம்பித் திறப்புக்கு எதிரே உள்ள பெஞ்சில் உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊழியர் சங்கத்துக்காரர் ஸோலிலே அவளைத் தேநீர்க் கடைப் பக்கம் கூட்டிப்போய்ப் பேசினார். பொரித்த மாவு உருண்டை ஒன்றைப் பிய்த்துப் பாதியை அவளிடம் நீட்டினார்.

"அக்கா, இது சின்ன விஷயம். 'சொல்லிட்டேன்'னு சொல்லிடு. ஏதோ அவசரம், எவனோ கேட்டான், முகம் ஞாபகமில்ல. ஒரு எச்சரிக்கைக் கடுதாசி குடுப்பாங்க. அதை மடிச்சுப் பெட்டியில வெச்சுக்க. முடிஞ்சுது."

"நான் யாருகிட்டயும் சொல்லலியே."

"சொல்லலைன்னா வரி எப்படிப் போச்சு? பேயா வந்து அழிச்சுது? நீ மறுக்க மறுக்க, வேன்காரன்கிட்ட ஏதோ வாங்கிட்டுத்தான் மறைக்கறேன்னு ஆயிடும். அப்போ கடுதாசி இல்ல. வேலையே போயிடும்."

"சொல்லலைய்யா."

"இங்க யாருதான் சொல்லல? நான் நாலு பேருகிட்டச் சொல்லிருக்கேன். என் பொண்டாட்டி பேர்தான். அவளே ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறா."

மாபெலே பாதி உருண்டையைக் கையில் வைத்திருந்தாள். எண்ணெய் விரலில் இறங்கியது.

"அது நான் சொல்லக்கூடிய சொல் இல்ல," என்றாள்.

ஸோலிலே தன் பாதியைத் தின்றார்.

சனிக்கிழமை மாமியாரின் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னாள். முகத்துக்கு எதிரே சொல்ல முடியாததைப் பின்னாலிருந்து சொல்ல முடிந்தது. எந்தச் சொல்லைச் சாவியாக வைத்தாள் என்பதையும் சொன்னாள். பெயரைச் சொல்லாமல்.

மாமியாரின் தலை அசையவில்லை.

"மூணு வருஷமாவா?"

"ஆமாம்மா."

"வாயாலயா?"

"விரலால."

"அது திருப்பிச் சொல்லிச்சா?"

"இல்லம்மா. புள்ளி புள்ளியாத்தான் வந்துது."

பட்டியில் ஒரு கன்று இருமியது.

"அப்போ என் ரெண்டாவது மருமகளவிட அதுக்கு மரியாதை தெரியுது," என்றாள். பிறகு, "வேலை போயிடுமா?"

"போகலாம்."

"சொன்னேன்னு சொன்னா?"

"போகாது."

"ம்." தலையைப் பின்னால் சாய்த்தாள். "கஞ்சியும் வேணும். கண்ணியமும் வேணும். ஒனக்கு வயசு அம்பது ஆகப் போவுது, நீயே பாத்துக்க. காதுக்குப் பின்னாடி தேய்க்கல இன்னும்."

விசாரணை நிர்வாகி மட்டிவானேயின் அறையில் நடந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் அவர். பக்கத்தில் குறிப்பெடுக்க ஒரு பெண். ஓரத்தில் மாகாணத் தலைமையிலிருந்து வந்திருந்த கணினித் தொழில்நுட்பக்காரி லிண்டெல்வா. மெலிந்த பெண், மடியில் சில தாள்கள். ஸோலிலே மாபெலேயின் நாற்காலிக்கு அருகில் உட்கார்ந்து, மேஜைக்கு அடியில் தன் காலால் அவள் காலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"மாபெலே, நேரடியாக் கேக்கறேன். உங்க கடவுச்சொல்ல யாருக்காவது சொன்னீங்களா?"

ஸோலிலேயின் கால் தட்டியது.

"இல்லைங்கய்யா."

"எங்கயாவது எழுதி வெச்சீங்களா?"

"இல்லை."

"நீங்க தட்டறப்போ யாராவது பாத்திருக்கலாமா?"

"திங்கக்கிழமைதான் தட்டுவேன். எல்லாரும் வர்றதுக்கு முன்னாடி. தனியா."

மட்டிவானே பேனாவைக் கீழே வைத்தார். "உங்க கை கோயில்ல இருந்துது. சொல் உங்க வாய்க்குள்ள இருந்துது. அப்போ கதவு எப்படித் திறந்துது? நீங்கதான் சொல்லணும். ஒரு பொண்ணு செத்துருக்கா."

"தெரியுங்கய்யா."

"தெரியுமில்ல. அப்போ நான் ஏன் உங்கள நம்பணும்? இந்த ஆஸ்பத்திரியில சாவியச் சொல்லாத ஒரு ஆளக் காட்டுங்க."

மாபெலே தலைத்துணியின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். சொன்னால் சாவி போய்விடும். அவள் யார் வீட்டு மருமகள் என்று இந்த மாவட்டத்தில் தெரியாதவர்கள் கிடையாது. சொல்லாவிட்டால் வேலை போய்விடும். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அது எங்க மாமனார் பேருங்கய்யா."

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பெண்ணின் கை நின்றது. ஸோலிலேயின் காலும் நின்றது.

மேஜையில் ஒரு கண்ணாடிக் கூஜா இருந்தது. மட்டிவானே அதைப் பார்த்தார்.

"எழுதிக்கம்மா," என்றார் அந்தப் பெண்ணிடம். "பதினொரு வருஷமா இவங்க இந்த அறைக்கு வர்றாங்க. இந்தக் கூஜாவுல இருக்கறத ஒரு தடவைகூடப் பேர் சொல்லிக் கேட்டதில்ல. இவங்க அந்தச் சொல்லச் சொல்லல. நான் நம்பறேன்." பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "ஆனா நான் நம்பறதுனால வரி திரும்ப வராது, மாபெலே. கதவும் தானாத் திறக்காது."

அப்போதுதான் லிண்டெல்வா பேசினாள்.

"ஐயா, நான் அக்காவ ஒண்ணு கேக்கலாமா? அக்கா, மதியம் எழுந்து போறப்போ என்ன செய்வீங்க? சொல்ல வேணாம். செஞ்சு காட்டுங்க."

எல்லோரும் பதிவறைக்குப் போனார்கள். சிவுயிலேயை வெளியே இருக்கச் சொன்னார்கள். கம்பித் திறப்புக்கு அப்பால் பெஞ்சில் அந்தத் தகப்பனார் இருந்தார். மாபெலே தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு மதியம் எழுவதுபோல எழுந்தாள். பொத்தானை அழுத்தினாள். திரை கறுத்தது. நீலக்கரைத் துணியைப் போட்டு நான்கு முனையையும் இழுத்து விட்டாள். ஒதுங்கி நின்றாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

லிண்டெல்வா துணியை எடுத்தாள். மடித்து மேஜையில் வைத்தாள். பொத்தானை அழுத்தினாள். திரை வெளிச்சமானது. மேல் மூலையில் மாபெலேயின் பெயர் இருந்தது. கீழே அன்று காலை அவள் பதிவு செய்த தீக்காயக் குழந்தையின் விவரம், பாதியில், திறந்தபடி.

"நீங்க வெளிச்சத்தத்தான் அணைச்சீங்க அக்கா," என்றாள் லிண்டெல்வா. "ஆள் உள்ளயேதான் இருந்தீங்க." தாளைப் பிரித்தாள். "இதுல இருக்கு. திங்கக்கிழமை காலையில ஏழு ஐம்பதுக்கு உள்ள வந்தீங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கரண்ட் நிறுத்தற வரைக்கும் வெளிய போகல. ஒவ்வொரு வாரமும் அப்படித்தான். வெளியேறுன்னு ஒரு கட்டளை இருக்கு. லாக் அவுட். அதைத் தட்டினாத்தான் கதவு மூடும். பாடம் நடத்தறப்போ சொல்லியிருப்பாங்களே."

"எந்தப் பக்கத்துல?"

"கடைசியில."

மாபெலே தலையை ஆட்டினாள். மூன்றரை வேன்.

"ஆளில்லைன்னா பத்து நிமிஷத்துல தானா மூடற மாதிரி நாங்க வெச்சிருக்கணும்," என்றாள் லிண்டெல்வா, மட்டிவானேயைப் பார்த்து. "வெக்கல. அதையும் எழுதுங்க."

மாபெலே அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷம். ஒவ்வொரு மதியமும், ஒவ்வொரு சாயங்காலமும். அவள் முழங்காலில் இருந்தபோது, வேனில் ஊர் போனபோது, மாமியாருக்குக் கஞ்சி கொடுத்தபோது, இன்னொரு மாபெலே இந்தத் துணிக்கு அடியில் இருட்டில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்களுக்கெல்லாம் தன் கையைக் கொடுத்துக்கொண்டு. பெயரை அவ்வளவு காத்தாள். அதைக் கேட்க வேண்டிய தேவையே யாருக்கும் இருந்திருக்கவில்லை.

வரி திரும்பக் கிடைத்தது. மாகாணத் தலைமையில் ஒவ்வொரு நாளும் ஒரு நகல் எடுத்து வைத்திருந்தார்கள். அந்த வியாழனுக்கு முந்தைய புதன்கிழமை நகலில் ஐந்தாவது வரி அப்படியே இருந்தது. லிண்டெல்வா தன் தாள்களிலிருந்து அதன் அச்சுப் பிரதியை எடுத்து மட்டிவானேயிடம் கொடுத்தாள். குழியில் மக்காச்சோளம் நாறாமல் இருந்தது.

அழித்தது யார் என்று கருவிக்குத் தெரியவில்லை. அதற்கு யாருடைய பெயர் என்றுதான் தெரியும், யாருடைய விரல் என்று தெரியாது. இரண்டு மாதம் கழித்து சிவுயிலே வேலையை விட்டான். அந்த முதலாளியின் புது வேன் ஒன்றின் முன்னிருக்கையில் அவனைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு மாபெலே அந்த நிற வேனில் ஏறுவதில்லை, இருபது நிமிஷம் காத்திருக்க வேண்டியிருந்தாலும். ஆனால் அன்று இதெல்லாம் யாருக்கும் தெரியாது.

அன்று அவளுக்கு இறுதி எச்சரிக்கை கொடுத்தார்கள். பன்னிரண்டு மாதம் செல்லும். கையெழுத்துப் போட்டாள்.

"சாவிய மாத்திடணும் அக்கா," என்றாள் லிண்டெல்வா. "இப்போ எங்க நாலு பேருக்கும் தெரிஞ்சுபோச்சு. பழசு ஒரு தடவை, புதுசு ரெண்டு தடவை." சொல்லிவிட்டு நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மாபெலே பழையதைத் தட்டினாள். புள்ளிகள் வந்தன. எத்தனை என்று யாரும் எண்ணிவிடாதபடி உள்ளங்கையால் மறைத்துக்கொண்டாள். கொஞ்சநேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு அடுத்த கட்டத்துக்குப் போனாள். புதிய சொல் எதுவும் வரவில்லை. சொல்லக்கூடிய சொற்களாகவே வந்தன. கடைசியில் அவற்றில் ஒன்றைத் தட்டினாள். முதல் மாதத்தில் அதை இரண்டு தடவை மறந்துபோனாள்.

வெளியேறு என்ற இடத்தில் அழுத்தினாள். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள். திரை யாருடையதும் இல்லாமல் ஆனது. அதன்மேல் துணியைப் போடவில்லை.

பெஞ்சிலிருந்த தகப்பனார் அவள் வருவதைப் பார்த்து எழுந்தார். அவள் அவரை உட்காரச் சொன்னாள். தானும் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

"வரி கிடைச்சிடுச்சு, ஐயா. முத்திரை வெச்சு உங்ககிட்டக் குடுப்பாங்க. உங்க தாள் பொய்யில்ல."

அவர் தொப்பியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அழிச்சது யாருன்னு தெரியல. கதவத் திறந்து வெச்சுட்டுப் போனது நான்தான். மூடிட்டேன்னு நெனச்சேன். மூடல."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நடையின் கோடியில் யாரோ ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போனார்கள். சக்கரச் சத்தம் ஓய்ந்த பிறகு அவர் தொண்டையைச் செருமினார். வெகுநாள் பேசாதவரின் தொண்டை.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா?"

மாபெலே எழுந்து மட்டிவானேயின் அறைக்குப் போனாள். கதவருகில் நின்றாள்.

"பெரியவருக்குக் குளிர்ந்தது கொஞ்சம் வேணுங்கய்யா," என்றாள்.

அவர் எழுந்து, தாமே கூஜாவை எடுத்துக் கொடுத்தார்.